புகை விடாத பஸ்ஸும் புகைந்துகொண்டிருந்த நானும்

ஓடுகிற பஸ் ஒன்று நடுரோட்டில் நின்றுபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, விமானம் ஏறிக் கடல் தாண்டி வந்த முட்டாள் இந்தப் பூமியில் ஒருவன்தான் இருக்க முடியும். அவன்தான் இதை எழுதுகிறான். இன்னும் கேளுங்கள்: பஸ்கள் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் எனக்கு மாதா மாதம் சம்பளமே.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். நகரங்கள் டீசலையும் நிலக்கரியையும் விட்டுவிட்டுச் சுத்தமான மின்சாரத்துக்கு மாற வேண்டும். மாறுகிற அவசரத்தில் இல்லாதப்பட்டவனை வழியில் இறக்கிவிட்டுப் போய்விடக் கூடாது. இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் கம்பெனியின் தொழில். நெதர்லாந்தில் ஒரு துறைமுக நகரத்தில் உட்கார்ந்து பல வருடமாக இதைச் செய்கிறேன். புதுக்கோட்டையில் இருக்கிற என் அக்கா இதைச் சுருக்கி, "தம்பி பஸ் கம்பெனியில இருக்கான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். "கண்டக்டராவா?" என்று கல்யாணமான புதிதில் கேட்ட மச்சானுக்கு இன்றுவரை அந்தச் சந்தேகம் தீரவில்லை.

என் பெயர் அடைக்கலம். அங்கே அவர்களுக்கு வாய் வலிக்கிறது என்று "அட" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். யாரோ என்னைப் பார்த்து நாள் முழுக்க ஆச்சரியப்படுவது போலவே இருக்கும். ஆச்சரியப்படும்படி நான் எதையும் செய்ததில்லை.

இந்த வருடம் கம்பெனியில் ஒரு நாற்காலி காலியானது. ஆசியா முழுவதற்குமான தலைமை. அதில் நான்தான் உட்காரப்போகிறேன் என்று நானே முடிவு செய்து, முதுகுக்கு இதமாக ஒரு குஷன்கூடப் பார்த்து வைத்திருந்தேன். மேலதிகாரியின் வாயில் வந்ததோ வேறு பெயர்: ஸ்டெல்லா.

ஸ்டெல்லா ஆவூர்க்காரி. திருச்சியில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். ஒரே மாதத்தில் இருவரும் இந்தக் கம்பெனியில் சேர்ந்தோம். நான் ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு அங்கிட்டுப் போனேன். அவள் இங்கிட்டே இருந்து, புதுக்கோட்டையிலிருந்து சுற்றுவட்டாரத்துக்கு மின்சார பஸ்களைச் சோதனைக்காக விட்டுவிட்டாள். யாராவது நேரில் போய்ப் பார்த்து, பஸ்கள் அங்கேயே தொடரலாமா, வேறு ஊருக்கு மாற்றிவிடலாமா என்று எழுத வேண்டும். தொடரலாம் என்றால் நாற்காலி ஸ்டெல்லாவுக்கு. மாற்றலாம் என்றால்... நான் சட்டென்று கையைத் தூக்கினேன். "எனக்குச் சொந்த ஊர் அது. பாஷை தெரியும்" என்றேன். என் மேலதிகாரி ஒரு நல்ல பெண்மணி. மனிதர்களை நம்பிவிடுவார்.

வந்து இறங்கிய சாயங்காலமே மச்சான் என்னைப் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனார். எங்கள் ஊர்த் தெருக்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். போகிறவர்கள்தான் யாரும் நேராகப் போவதில்லை. மச்சானும் அப்படித்தான் வண்டி ஓட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு, நான் வசிக்கும் ஊரில் சைக்கிளுக்குக்கூடத் தனி சிக்னல் இருப்பதை நினைத்துக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது முட்டை மாஸ் வந்துவிட்டது. அவித்த முட்டையை வெட்டிப்போட்டு, வெங்காயமும் சால்னாவும் சேர்த்துக் கல்லிலேயே புரட்டித் தருகிற சங்கதி. இதற்கு இணையாக அந்த நாட்டில் எதுவும் கிடையாது. அங்கே மதியச் சாப்பாடு என்றால் இரண்டு ரொட்டி, நடுவில் ஒரு சீஸ், அதைச் சுற்றிலும் மௌனம்.

பரிமாறியவர், "சாருக்கு எந்த ஆபீஸுங்க?" என்றார்.

"மின்சார பஸ்."

"அடடே, ஸ்டெல்லா மேடம் ஆபீஸா? மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று உள்ளே போய் ஒரு கிண்ணம் கெட்டி சால்னா கொண்டுவந்து, கேட்காமலே ஊற்றினார். பக்கத்து மேஜைக்குக் கிடைக்காத சால்னா. அது எனக்காக வந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். மானஸ்தன் அதைத் தொட்டிருக்க மாட்டான். நான் இன்னும் இரண்டு பரோட்டா சொன்னேன்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். காலேஜில் பார்த்த அதே ஆள், அதே குரல். ஒரு பிளாட்பாரத்தில் பேசினால் நாலாவது பிளாட்பாரத்தில் பஸ் ஏறுகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

"வாடா அடைக்கலம். தொப்பை மட்டும் தனி லக்கேஜா வந்திருக்கு. கொறை கண்டுபிடிக்க வந்தியா?"

"சேச்சே. ஆய்வு."

"ரெண்டும் ஒண்ணுதான். சாப்ட்டியா?"

பஸ் சார்ஜ் ஏறிக்கொண்டு நின்றது. சத்தமில்லை, நடுக்கமில்லை, பின்னால் கரும்புகை இல்லை. அந்த இடத்தில் புகை என்று ஒன்று வந்திருந்தால் அது என் காதிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். ஆனால் நான் வந்த காரியத்தை மறக்கவில்லை. பார்த்ததுமே ஒரு குறை கிடைத்துவிட்டது. ஏசி பஸ், ஜன்னல் எல்லாம் அடைத்த கண்ணாடி.

நம் ஊரில் பஸ்ஸில் இடம் பிடிப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பஸ் உள்ளே நுழையும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட வேண்டும். துண்டு இல்லாவிட்டால் கைப்பை, கர்ச்சீப், அவசரத்துக்குச் செருப்பு. போட்டுவிட்டால் அந்த சீட் உங்களுடையது. நீங்கள் டீ குடித்துவிட்டு மெதுவாக வரலாம். சுமையோடு வருகிற பெண்களுக்கு இதுதான் வழி. யாராவது ஒருத்தி முன்னால் ஓடி எல்லோருக்கும் போட்டு வைப்பாள். ஜன்னலை அடைத்துவிட்டால்? முண்டியடிக்கத் தெம்புள்ளவனுக்குத்தான் சீட். கூடைக்காரி நின்றுகொண்டே போக வேண்டும். இல்லாதப்பட்டவரை இறக்கிவிட்டாயிற்று. ஆஹா, என்று மனதுக்குள் முதல் பத்தியை எழுதத் தொடங்கினேன்.

அப்போதுதான் அந்த இரும்பு பைப்பைப் பார்த்தேன். சார்ஜர் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு நீளமாக ஒரு பைப். அதில் வரிசையாகத் துணிகள் தொங்கின. காசித் துண்டு, ஈரிழைத் துண்டு, பள்ளிக்கூட டை ஒன்று, தலைச்சுமைக்காரப் பெண்கள் சும்மாட்டுக்குச் சுருட்டி வைக்கும் பழந்துணி. சொந்தக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. நிழலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். சார்ஜ் முடிந்ததும் கண்டக்டர் மாரிமுத்து வந்தார். தொங்குகிற வரிசை மாறாமல் துணிகளை எடுத்துக் கையில் அடுக்கி, உள்ளே போய் சீட்டுக்கு ஒன்றாகப் போட்டார். பிறகுதான் கதவு திறந்தது. அவரவர் துணியைத் தேடி அவரவர் உட்கார்ந்தார்கள். ஒரு சண்டை இல்லை. ஒரு முழங்கை இல்லை.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வரிசையில் நிற்பது எப்படி என்று அந்த நாட்டில் ஒரு பேட்டைக்காரர்களோடு மூன்று வருடமாகக் கூட்டம் போட்டிருக்கிறேன். பிஸ்கட் தீர்ந்ததே தவிர ஒரு முடிவும் வரவில்லை. இங்கே மனிதர்கள் நிற்கவே இல்லை. துண்டுகள் நின்றன.

"எப்படி என் ஐடியா?" என்றாள் ஸ்டெல்லா.

அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மாரிமுத்து என் காதோரம் வந்தார். "மேடம் கொண்டாந்தது டோக்கனுங்க. மிஷின்ல பட்டன அமுக்கி எடுக்கணும். ஒரு ஆளும் சீண்டல. ஜன்னல் இல்லாத பஸ்ஸுக்குத் துண்ட எங்க போடுறதுன்னு இந்தப் பொம்பளையாளுங்க வந்து சண்டை கட்டி, பைப்புல போட ஆரம்பிச்சாங்க."

எனக்குள் ஒரு பூ பூத்தது. ஸ்டெல்லாவின் யோசனை தோற்றிருக்கிறது. அதைவிட நல்லது, அடுத்தவர் யோசனையைத் தன்னுடையது என்கிறாள். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த டோக்கன் மிஷின் என்னாச்சு?" என்று இயல்பாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"மாரிமுத்து சொல்லிட்டாரா? ஊத்திக்கிச்சு. மறுநாளே கழட்டிட்டேன். பைப்பு வச்சது நான், துண்டு போட்டது அவங்க. ஒன் ஐடியா ஊத்திக்கிச்சுன்னா கழட்ட எத்தனை வருஷம் ஆகும்?"

பூ வாடியது. பிஸ்கட் விஷயத்தை நான் அவளிடம் சொல்லவே இல்லை. எப்படித்தான் தெரிகிறதோ.

அந்த பஸ் வல்லத்திராக்கோட்டை போகிற பஸ். நான் பிறந்த ஊர். பள்ளிக்கூட நாளிலேயே டவுனுக்கு வந்துவிட்டோம் என்றாலும், மண்ணின் மைந்தன் வந்திறங்கினால் நாலு பேராவது முகம் மலர்வார்கள் என்று தலையை வாரிக்கொண்டு இறங்கினேன். மலர்ந்தார்கள். ஸ்டெல்லாவைப் பார்த்து. "மேடம், வாங்க, இருக்கீங்களா? ஆளையே காணோம்." ஒரு அம்மா சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவரு யாரு மேடம், பேட்டரி மெக்கானிக்கா?"

"ஆமாக்கா. புதுசா வந்திருக்காரு" என்றாள் ஸ்டெல்லா, முகம் மாறாமல்.

நான் இன்னார் மகன் என்று சொன்னேன். "அப்பா பேரு கேட்ட மாரி இருக்கு. ஒங்கள நெனப்பில்லையே" என்றாள் அந்த அம்மா. பிறகு ஆறுதலாக, "பேட்டரிய நல்லாப் பாருங்க தம்பி, சாயந்தரம் இதுலதான் வரணும்" என்றாள். ஐரோப்பாவில் நான்கு மொழிகளில் என் பெயர் அச்சடித்த அட்டை வைத்திருக்கிறேன். அந்த அட்டையை வெளியே எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாவது நாள் ஸ்டெல்லாவுக்குத் தெரியாமல் கறம்பக்குடிக்குப் போனேன். அவள் கூட வந்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் யாராவது தனியாகக் கிடைப்பார் என்பது என் கணக்கு. புது பஸ் வந்தால் பழைய டீசல் ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு வயிற்றில் அடி விழும். உலகம் முழுக்க அதுதான் நடக்கிறது. அவர்களிடம் நியாயமாக நடந்துகொண்டார்களா என்று பார்ப்பதுதான் என் ஆய்வின் உயிர்நாடி. ஸ்டெல்லாவின் உயிர்நாடியும் அதுவே.

மார்க்கெட் ஓரம் ஆட்டோவில் காலை நீட்டிப் படுத்திருந்தவர் பெயர் சுப்பையா. முகத்தில் கோபம் இருந்தது. எனக்குப் பிடித்துப்போயிற்று. டீ வாங்கிக் கொடுத்தேன். பலாச்சுளை விற்றுக்கொண்டு போனவரிடம் சுளை வாங்கிக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, இந்த மின்சார பஸ்ஸால ஒங்களுக்கு ரொம்ப நஷ்டமில்ல?" என்றேன்.

"ஆரம்பத்துல இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப பஸ்ஸு நிக்கிற எடத்துலேருந்து உள்ளூருக்குப் போற சவாரியெல்லாம் நாங்கதான். எழுதிக் குடுத்திருக்காங்க. ஆனா பிரச்சினை இருக்கு. பெரிய பிரச்சினை."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "என்ன பிரச்சினை?"

"அத எதுக்கு ஒங்ககிட்ட சொல்லணும்?"

"நான் அதே ஆபீஸ்தாண்ணே. மேல் ஆபீஸ்."

"இருந்துட்டுப் போங்க. சண்டைன்னா ஸ்டெல்லா மேடத்துகிட்டதான். மூணு தரம் போட்டாச்சு. நாலாவது, நாளைக்குப் பத்து மணிக்கு வாரேன்னிருக்காங்க. அவங்ககிட்ட சண்டை போட்டா ஒரு இது இருக்கும். திருப்பித் திட்டுவாங்க, அப்புறம் ஏதாவது செய்வாங்க. நீங்க டீ வாங்கிக் குடுக்குறீங்க."

பாராட்டு வாங்குகிறவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். பரிசு வாங்குகிறவனைப் பார்த்து ஜுரமே வந்திருக்கிறது. ஒருத்தி வாங்கப்போகிற வசவைப் பார்த்து வயிறு எரிந்தது அன்றைக்குத்தான். என் உத்தியோகத்தில் இதுவரை ஒரு ஆட்டோக்காரர் என்னோடு சண்டை போட நாள் குறித்துக் காத்திருந்ததில்லை.

அந்த நாலாவது சண்டையை நேரில் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது என்று முடிவு செய்தேன். அடுத்த நாள் ராத்திரி எனக்குத் திருச்சியில் விமானம். காலையில் போய்ச் சண்டை பார்த்து, மத்தியானம் வந்து அறிக்கை எழுதி அனுப்பிவிட்டுக் கிளம்பலாம். பாஸ்போர்ட், லேப்டாப் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன். "அத ஏன் மாப்ளே தூக்கிக்கிட்டு அலையிற, வீட்டுல வச்சிட்டுப் போ" என்றார் மச்சான். "முக்கியமான பொருள் எப்பவும் கையில இருக்கணும் மச்சான்" என்றேன். அந்த வாக்கியத்தை அவர் இன்றைக்கும் போனில் சொல்லிக் காட்டுகிறார்.

பஸ் ஸ்டாண்டில் நான் வேண்டுமென்றே மின்சார பஸ்ஸை விட்டுவிட்டுச் சாதாரண பஸ்ஸுக்கு நின்றேன். சண்டை நடக்கும் இடத்தில் மறைவாகப் போய் இறங்க வேண்டும் அல்லவா. ஒரு பஸ் உறுமிக்கொண்டு உள்ளே திரும்பியது. கூட்டம் ஓடியது. என் கால்களும் ஓடின. பல வருடம் சிக்னலுக்கு நின்று பழகிய கால்கள்தான். உள்ளே எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்த புதுக்கோட்டைக்காரன் எழுந்துவிட்டான். கையில் துண்டு இல்லை. என்ன இருந்ததோ அதைத் தூக்கி, திறந்த ஜன்னல் வழியாக உள்ளே போட்டேன். நடு சீட்டில், ஜன்னலோரத்தில், அழகாகப் போய் விழுந்தது. என் வாழ்க்கையில் நான் சரியாகக் குறிபார்த்து எறிந்தது அது ஒன்றுதான்.

முண்டியடித்துப் பின்படியில் ஏறினேன். பாதிக் கூட்டத்தைத் தாண்டும்போது ஒரு சந்தேகத்துக்குக் கேட்டேன், "கறம்பக்குடிதானே?"

"இது பொன்னமராவதிங்க. கறம்பக்குடி அந்தா பின்னாடி நிக்குது, எடுத்துட்டான், ஓடுங்க ஓடுங்க."

நல்ல மனிதர்கள். கிழக்கே போக வேண்டியவன் மேற்கே போய்விடக் கூடாது என்று நாலு பேர் சேர்ந்து வழிவிட்டு, முதுகில் தள்ளி இறக்கிவிட்டார்கள். நான் ஓடிப்போய்க் கறம்பக்குடி பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். தப்பித்தோமடா என்று பெருமூச்சு விட்டேன். ஒரு சீட்கூடக் கிடைத்தது. ஆலங்குடி நெருங்கும்போது தாகமெடுத்தது. தண்ணீர் பாட்டிலை எடுக்கப் பைக்குக் கையை நீட்டினேன்.

ஆளைக் காப்பாற்றிவிட்டேன். பையை அனுப்பிவிட்டேன்.

ஆலங்குடியில் இறங்கி மச்சானுக்கு போன் போட்டேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். "ஸ்டெல்லாட்ட சொல்லு மாப்ளே" என்றார். யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன், அவளிடம் சொல்ல மாட்டேன் என்று ஒரு டீ குடித்து முடிக்கும்வரை வைராக்கியமாக இருந்தேன். பிறகு பாஸ்போர்ட்டில் இருக்கிற என் முகம் நினைவுக்கு வந்தது. அது தனியாக, என்னைவிட்டுப் பிரிந்து, பொன்னமராவதி போய்க்கொண்டிருந்தது. போன் போட்டேன்.

மறுமுனையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. "சாயந்தரம் ஆறு மணிக்கு மேல பஸ்ஸ உள்ளூருக்குள்ள விட்டா நாங்க என்ன பண்றது?" என்று சுப்பையாவின் குரல் இடித்தது. அதுதான் அந்தப் பெரிய பிரச்சினையா என்று தெரிந்துகொண்டேன். காசு கொடுத்தும் கிடைக்காத தகவல், இப்படியா கிடைக்க வேண்டும்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். "இருங்கண்ணே, ஒரு ஆளு பையத் தொலைச்சிட்டான்" என்று அங்கே சொன்னாள்.

"யாரு, டீ வாங்கிக் குடுத்தவரா? மொதல்ல அவரு பையப் பாருங்க மேடம். நம்ம சண்டை எங்க போவப்போவுது" என்றார் சுப்பையா.

நான் புதுக்கோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் இருக்கும்போதே அவள் கூப்பிட்டாள். "பை பத்திரமா இருக்கு. பொன்னமராவதி ஸ்டாண்டுக்கு எதிர்க்க பாத்திரக்கடைல கண்டக்டர் குடுத்து வச்சிருக்காரு. போய் வாங்கிக்க. ஒண்ணு தெரியுமா? பஸ்ஸுல மூச்சு விட எடமில்லாத கூட்டமாம். ஒன் பை கெடந்த சீட்டுல கடைசிவரைக்கும் ஒருத்தரும் ஒக்காரலையாம். யாரோ எடம் போட்டுருக்காங்க, வருவாங்கன்னு எல்லாரும் நின்னுக்கிட்டே போயிருக்காங்க."

என்னைவிட என் பைக்கு மரியாதை இருந்திருக்கிறது. பையைப் பார்த்துப் பொறாமைப்பட ஆரம்பித்தால் அப்புறம் மருத்துவரிடம்தான் போக வேண்டும். அதனால் அதை அத்தோடு விட்டேன்.

பொன்னமராவதிக்கு உடனே கிளம்புகிற பஸ் ஒன்றுதான் நின்றது. ஸ்டெல்லாவின் பஸ். என் கர்ச்சீப்பைப் பைப்பில் போட்டேன். மாரிமுத்து அதை இரண்டு விரலால் எடுத்துப்போய் முன் சீட்டில் வைத்தார். டிரைவருக்குப் பக்கத்தில் பேட்டரி அளவு காட்டும் எண் பச்சையாக எரிந்தது. பாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. நான் மூன்று நாளாக எந்த எண் கீழே இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேனோ அதே எண். இப்போது அது ஒவ்வொன்றாகக் குறையும்போதெல்லாம் என் உயிர் ஒவ்வொரு சொட்டாக இறங்கியது. வழியில் நின்றால் பாஸ்போர்ட் இல்லை, விமானம் இல்லை.

"அண்ணே, தாங்குமா?" என்றேன் டிரைவரிடம்.

"நீங்கதான் சார் சொல்லணும். மெக்கானிக்கில்ல நீங்க?"

"ஏசிய அணைச்சா கொஞ்சம் மிச்சமாவும்" என்றேன். பின்னாலிருந்து ஒரு குரல், "யாருய்யா அது ஏசிய அணைக்கச் சொல்றது? வேணும்னா எறங்கி நடந்து வாய்யா" என்றது. பஸ் முழுக்க அதற்கு ஆதரவு இருந்தது. என் பக்கத்துச் சீட்டு அம்மா ஒரு கத்தரிக்காய்க் கூடையை வைக்க இடமில்லாமல் பாதியை என் மடியில் ஏற்றியிருந்தாள். பேட்டரிக்கு இடம் போனதில் சாமான் வைக்கும் இடம் காணாமல் போயிருந்தது. ஒரு குறை! நிஜமான, அசல் குறை! கத்தரிக்காய்க்கு அடியிலிருந்து நான் புன்னகைத்தேன். அதே நேரத்தில் "அம்மா தாயே, நின்றுவிடாதே" என்று பஸ்ஸை வேண்டிக்கொண்டும் இருந்தேன். ஒரே மனிதன் இரண்டு வேலையும் செய்தால் வியர்க்கிறது. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் வியர்த்தது.

பஸ் நிற்கவில்லை. பொன்னமராவதியில் இறங்கும்போது எண்ணில் மிச்சம் தாராளமாக இருந்தது. அதைக் கண்டு எனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பாத்திரக்கடைக்காரர் பையை ஒரு இட்லிக் குண்டானுக்குள் வைத்து மூடியிருந்தார். "ஸ்டெல்லா மேடம் பையா?" என்றார்.

"இல்ல, என் பை."

"மேடம் பைன்னுல்ல சொன்னாங்க. நீங்க யாரு?" என்று அவளுக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். கடைக்குச் சாமான் வாங்க வந்த குடும்பம் ஒன்று குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது.

"மேடம், ஒரு ஆளு வந்து பையக் கேக்குறாரு. என்ன அடையாளம்?"

"முழிச்சுக்கிட்டு நிப்பான். நிக்கிறானா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். குடும்பமும் பார்த்தது. "நிக்கிறாருங்க" என்று பையைக் கொடுத்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் லேப்டாப்பைத் திறந்து அறிக்கையை எழுதினேன். எழுத வேண்டியது இரண்டு வரிதான். ஊர் வந்துசேரும் வரை இழுத்தது. மாற்றிவிடலாம் என்று எழுத என்ன காரணம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். டோக்கன் மிஷின்? கழற்றியாயிற்று. ஆட்டோக்காரர்? சண்டை போட அவருக்கு ஸ்டெல்லா இருக்கிறாள். இந்த பஸ் இந்த ஊரைவிட்டுப் போனால் அந்தச் சும்மாட்டு அம்மா சாயங்காலம் எதில் வருவாள் என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. என் சம்பளமே அந்தக் கேள்விக்குத்தான். தொடரலாம் என்று எழுதினேன். சாமான் வைக்க இடமில்லை என்ற குறையை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு, எங்கே மனம் மாறிவிடுமோ என்ற பயத்தில் உடனே அனுப்பினேன். அனுப்பியபின் பல் வலித்தது. கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

மச்சான் கார் பிடித்து வைத்திருந்தார். திருச்சி போகிற வழியில் ஆவூருக்கு ஒதுங்கினோம். ஸ்டெல்லாவின் அம்மா மீன் குழம்பு வைத்திருந்தார். அதுவும் நன்றாக இருந்தது. எரிகிற வயிற்றிலும் நன்றாகவே இறங்கியது. மச்சான் காரில் ஒரு முழுப் பலாப்பழத்தை ஏற்ற இடம் தேடிக்கொண்டிருந்தார். நானும் ஸ்டெல்லாவும் கோயில் மணி கேட்கிற தூரத்தில் காரோரம் நின்றோம்.

"சண்டை என்னாச்சு?"

"ஆறு மணிக்கு மேல உள்ளூருக்கு பஸ் போவாது. ஆட்டோதான். அதுக்குப் பதிலா அவங்க பஸ் டிக்கெட் வச்சிருக்கவங்ககிட்ட பாதிதான் வாங்கணும். சுப்பையாண்ணன் திட்டிக்கிட்டேதான் ஒத்துக்கிட்டாரு. நீ என்ன எழுதின?"

"தொடரலாம்னு."

"கொறை?"

"சாமான் வைக்க எடமில்ல" என்றேன், கொஞ்சம் தெம்பாக.

"அத நான் போன மாசமே எழுதி அனுப்பிட்டேன். அடுத்த பஸ்ஸுல ரெண்டு சீட்ட எடுத்துட்டுக் கூடைக்கு எடம் விடுறாங்க."

நான் கண்டுபிடித்த ஒரே குறையும் அவளுக்கு முந்தியே கிடைத்திருக்கிறது. இதற்கு மேல் என்னால் முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். பஸ் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்ததை, நாற்காலியை, குஷனை, எல்லாவற்றையும். மச்சான் பலாப்பழத்தோடு அப்படியே நின்று கேட்டார்.

"தெரியும்டா. காலேஜ்லயே பக்கத்துல இருக்கவன் மார்க்கு வாங்கினா ஒனக்குத்தான காய்ச்சல் வரும். வரப்போறது நீதான்னு தெரிஞ்சதும் மேலெடத்துல சொன்னேன், அவனையே அனுப்புங்க, அவனுக்கே கொறை கெடைக்கலேன்னா வேற எவனுக்கும் கெடைக்காதுன்னு."

கார் கிளம்பியது. ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன். நான் பெரிய மனது பண்ணிவிட்ட மாதிரி குரலை வைத்துக்கொண்டு, "சரி, அந்த நாற்காலி ஒனக்குத்தான். அதுக்கு அடுத்து எப்ப காலியானாலும் எனக்குத்தான்னு மேலெடத்துல ஒரு வார்த்தை சொல்லி வையேன், பழைய சிநேகத்துக்காகவாவது" என்றேன்.

"பைப்புல துண்டப் போட்டுட்டு நில்லு" என்றாள்.